கிளியர் அலைனர்

கிளியர் அலைனர் என்பது கோணலான, இடைவெளியுள்ள பற்களை வரிசைப்படுத்த அணியப்படும், கழற்றி மாட்டக்கூடிய ஒளிபுகும் நெகிழி உறை ஆகும். அமெரிக்காவில் 1997 இல் தொடங்கப்பட்ட அலைன் டெக்னாலஜி நிறுவனம் இன்விசலைன் என்ற பெயரில் இதனைப் பரவலாக்கியது.

பல்வரிசையின் முப்பரிமாணப் படிமத்தைக் கொண்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பல உறைகள் வரிசையாகச் செய்யப்படுகின்றன. ஓர் உறை பல்லை ஏறத்தாழ 0.25 மி.மீ. வரை நகர்த்தும், ஓரிரு வாரங்களில் அடுத்த உறைக்கு மாற வேண்டும். அழுத்தத்தால் பல்லின் ஒருபுறம் தாடை எலும்பு கரைந்து, மறுபுறம் புதிதாக உருவாவதால் பல் இடம் மாறுகிறது.

இதற்குத் தொடர் அழுத்தம் தேவை என்பதால் நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணிய வேண்டும். உண்ணும்போதும் பல் துலக்கும்போதும் கழற்றலாம். கழற்ற முடிவதே இதன் வசதி; அணிபவர் அடிக்கடி கழற்றிவைத்தால் அதுவே குறையாகும். சிகிச்சைக்குப் பின் ரிடெய்னர் அணியாவிடில் பற்கள் பழைய நிலைக்குத் திரும்பக்கூடும்.