மலிவான கம்பி எது?

நம் சங்கத்து நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு டிரெய்லர் கட்டியதை உங்களில் பலர் அறிவீர்கள். பழைய இரும்புச் சட்டம், இரண்டு சக்கரம், அதன்மேல் ஒரு பிளைவுட் பெட்டி. உள்ளே இருவர் படுக்கலாம். பின்பக்கம் அடுப்பும் தண்ணீர்க் குழாயும். ஜீப்பின் பின்னால் கட்டிக்கொண்டு டேராடூனுக்கு அப்பால் சக்ராத்தா மலைப்பக்கம் போய்த் தங்குவதென்று ஏற்பாடு. (டிரெய்லருக்கும் முறைப்படி பதிவு வேண்டும், அதற்கு அலைந்த கதையை எழுதினால் தனிக் கட்டுரையாகும்.) பௌதிகம் படிக்கிறவன் என்ற ஒரே குற்றத்துக்காக மின்சார வேலை என் தலையில் விழுந்தது. கையில் தந்த பணம் 2,500 ரூபாய். "கம்பி என்றால் கம்பிதானே தம்பி, சல்லிசாகப் பார்" என்றார் எங்களில் மூத்தவர்.

நான் அதனினும் சல்லிசாகப் பார்த்தேன். விடுதியில் கிடந்த மெல்லிய இரட்டைக் கம்பி ஆறு மீட்டர் இருந்தது, காசே இல்லை. பாட்டரியிலிருந்து தண்ணீர் பம்புக்கு நான்கு மீட்டர் போதும். மிச்சத்தை வெட்ட மனமின்றிச் சுருட்டிப் பலகைக்குப் பின்னால் செருகிவிட்டேன். பம்பு முனகியதேயன்றித் தண்ணீர் ஏறவில்லை. சற்று நேரத்தில் லேசாக ஒரு வாடை. பலகையைக் கழற்றிப் பார்த்தால் சுருள் சூடேறியிருந்தது. அந்தப் பலகையின் மறுபக்கந்தான் இருவர் தலைவைத்துப் படுக்கும் இடம்! அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

மறுநாள் அளந்து பார்த்தேன். பாட்டரியில் 12.4 வோல்ட், பம்பின் முனையில் 10.1 வோல்ட். 2.3 வோல்ட்டைக் கம்பியே தின்றுவிட்டது.

இதே கம்பி அறையில் மேசை விசிறியை ஆண்டுக்கணக்கில் ஓட்டியதே, இங்கு மட்டும் ஏன் இப்படி என்று கேட்கலாம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 60 வாட் விசிறிக்கு அங்கே கால் ஆம்பியர் மின்னோட்டம் போதும். அதே 60 வாட் பம்புக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் வேண்டும். ஏறக்குறைய 19 மடங்கு. கம்பியில் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; ஆகவே அது 360 மடங்காகிறது. போதாதென்று, 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் தொலைந்தால் யாருக்கும் தெரியாது. பன்னிரண்டில் ஒன்று தொலைந்தால் பம்புக்குத் தெரியும்.

ஆகவே கடைக்குப் போகுமுன் மூன்று எண்கள் வேண்டும்: எத்தனை ஆம்பியர், எத்தனை மீட்டர், எத்தனை தடை. மீட்டரில்தான் பலரும் ஏமாறுகிறோம். மின்சாரம் போனால் திரும்பியும் வரவேண்டும். நான்கு மீட்டர் தூரத்துக்கு எட்டு மீட்டர் என்றே கணக்கு. பல இழைகள் கொண்ட 1 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியின் தடை மீட்டருக்கு 0.0195 ஓம். எட்டு மீட்டரில் 5 ஆம்பியர் ஓடினால் 0.78 வோல்ட் நஷ்டம். 2.5 சதுர மில்லிமீட்டரில் தடை 0.008 ஓம், நஷ்டம் 0.32 வோல்ட். நூற்றுக்கு மூன்றுக்குள் நஷ்டம் அடங்கினால் நலம் என்பது வழக்கம். 12 வோல்ட்டில் அது 0.36. பம்புக்கு 2.5 என்று முடிவாயிற்று. ஐந்து வாட் எல்.ஈ.டி. விளக்குகளுக்கோ அரை ஆம்பியர்கூட ஆகாது. அவற்றுக்கு 1 சதுர மில்லிமீட்டரே தாராளம். அங்கே தடித்த கம்பி போடுவது பணத்தை எறிவதாகும்.

ஜீப்பிலிருந்து டிரெய்லர் பாட்டரியை நிரப்பும் கம்பிதான் பெருஞ்செலவு. தூரம் ஆறு மீட்டர், போக வரப் பன்னிரண்டு; 10 ஆம்பியர். 2.5 கம்பியில் ஏறக்குறைய ஒரு வோல்ட் போய்விடும். ஜீப் தரும் 14 வோல்ட்டில் 13தான் வந்து சேரும். பாட்டரி நிரம்ப நெடுநேரம் ஆகும். 6 சதுர மில்லிமீட்டர் வாங்கினோம், நஷ்டம் 0.4 வோல்ட். திரும்பும் வழிக்கு இரும்புச் சட்டத்தையே பயன்படுத்திப் பாதிக் கம்பியை மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. துருப்பிடித்த இணைப்புகளை நம்ப எனக்குத் துணிவில்லை. அதற்குப் பதிலாக விளக்குப் பக்கம் இருந்த பாட்டரியைப் பம்புக்கு அருகே மாற்றினோம். நான்கு மீட்டர் ஒன்றரையாயிற்று. காசு செலவில்லாத சிக்கனம் இதுவே.

தில்லியில் கம்பி வாங்கச் சாந்தினி சவுக்கின் பாகீரத் பேலஸ் பெயர்போன இடம். அங்கே போகுமுன் வேறொரு நடைபாதைக் கடையில் பாதி விலைக்கு ஒரு சுருள் கிடைத்தது. பார்வைக்குச் செம்பு. பேனாக்கத்தியால் ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை! செம்பு பூசிய அலுமினியம். தடை ஒன்றரை மடங்குக்கு மேல். வளைத்தால் எளிதில் ஒடியும். எடையும் காட்டிக்கொடுக்கும்: பத்து மீட்டர் 2.5 கம்பியில் செம்பு மட்டுமே 220 கிராம் இருக்கவேண்டும். இதில் பாதிகூட வராது. மேலுறை தடித்திருந்தால் கம்பியும் தடித்தது என்று எண்ணவேண்டாம். ஒற்றை இழைக் கம்பி மலிவாயினும் வண்டிக்கு ஆகாது; குலுங்கிக் குலுங்கி ஒடியும்.

பியூஸில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. அது பம்பைக் காக்க அன்று, கம்பியைக் காக்க. ஆதலால் பாட்டரியின் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கவேண்டும். கம்பி எங்கேனும் உரசி ஒட்டினால் பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கக்கிவிடும். பம்புக்கு 10 ஆம்பியர், சிவப்பு நிறம். ஜீப் கம்பிக்கு இரு முனையிலும் ஒவ்வொன்று, 20 ஆம்பியர், மஞ்சள்.

எல்லாம் போக 340 ரூபாய் மிஞ்சியது. 6 சதுர மில்லிமீட்டர் கம்பி இரண்டு மீட்டரும் இருக்கிறது. வேண்டுவோர் என் அறைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம்.