கடல் நீட்டும் பொழுது

பட்டினப்பாக்கம் கடற்கரைக்கு அஸர் தொழுகைக்குப் பின் காற்று வாங்கச் செல்வோர், அலை நேற்று நின்ற இடத்தில் இன்று நிற்கவில்லை என்பதைக் கண்டிருப்பர். தெற்கே அடையாற்று முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களில் கடல்நீர் ஆற்றுக்குள் புகுந்து மீளும். சென்னைக் கரையில் இந்த ஏற்றவற்றம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியும் ஏறத்தாழ 1 மீட்டர்தான். குஜராத்தின் காம்பே வளைகுடாவிலோ அது 10 மீட்டர் அளவை எட்டும்.

இதை எழுப்புவதில் பெரும்பங்கு சந்திரனுடையது. அதன் ஈர்ப்பால் கடல்நீர் சந்திரனை நோக்கிய பக்கமும் எதிர்ப்பக்கமும் மேடிடுகிறது. சந்திரன் பூமியைச் சுற்றிவர 27 நாட்களுக்கு மேல் ஆகிறது. பூமியோ ஒரே நாளில் தன்னைத்தானே சுற்றிவிடுகிறது. ஆகவே, விரைந்து சுழலும் பூமி அந்த நீர்மேட்டைச் சற்று முன்னே கொண்டு செல்ல, சந்திரன் அதைப் பின்னுக்கு இழுக்கிறது. ஆழமற்ற கடல்களின் தரையில் நீர் உராய்ந்து, ஆற்றல் வெப்பமாகக் கழிகிறது. ஓடும் சக்கரத்தின்மீது ஈரத்துணியை அழுத்தினாற்போல், பூமியின் சுழற்சி தளர்கிறது.

எவ்வளவு தளர்கிறது? நூறாண்டுக்கு ஒருமுறை நாளின் நீளம், ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஏறத்தாழ 2 கூறு கூடுகிறது. பூமி இழக்கும் சுழற்சியைப் பெற்றுக்கொண்டு சந்திரன் ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிச் செல்கிறது. 1969 முதல் விண்வெளி வீரர்கள் அங்கு வைத்துவந்த கண்ணாடிகளில் லேசர் ஒளியைச் செலுத்தி இதை அளந்துள்ளனர்.

நாளின் நீளம் கூடியதை அறிய உதவியவை பண்டைய கிரகணப் பதிவுகள். தினமும் நேரும் நுண்ணிய வேறுபாடு நாள்தோறும் சேர்ந்துகொண்டே வருகிறது. இன்றைய நாளின் நீளமே என்றும் இருந்ததாகக் கணக்கிட்டால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கிரகணத்தின் நேரம் ஏறத்தாழ 25 நிமிடம் தவறிவிடும்.

பாபிலோனியர், சீனர் பதிவுகளோடு இங்கு துணைநிற்பவை முஸ்லிம் வானியலாரின் குறிப்புகள். ஹிஜ்ரி 399இல் (கி.பி. 1009) மறைந்த கெய்ரோ அறிஞர் இப்னு யூனுஸ், பக்தாதிலும் கெய்ரோவிலும் காணப்பட்ட கிரகணங்களைத் தொகுத்தார். கிரகணத்தின்போது சூரியன் அடிவானிலிருந்து எவ்வளவு உயரத்தில் நின்றது என்பதையும் அளந்து எழுதினார். நேரத்தைக் கணிக்க அதுவே வழி. 1878இல் அமெரிக்க வானியலாளர் சைமன் நியூகோம்ப் சந்திரனின் இயக்கத்தை ஆராய அக்குறிப்புகளைப் பயன்படுத்தினார். பின்வந்தோர் பூமியின் சுழற்சியைக் கணிக்கவும் அவற்றைக் கையாண்டனர்.

பூமி தளர்கிறது என்பதை இப்னு யூனுஸ் அறிந்திருக்கவில்லை. கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதிவைத்தார். அந்த அமானிதம் ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் பயன் தருகிறது.