தூசியில் ஒளிந்திருக்கும் எமன்!

பள்ளிக்கூடச் சிப்பந்திகளே, ஜாக்கிரதை!

நாகர்கோவில் வடசேரியில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. இரண்டு பருவமழையும் நாஞ்சில் நாட்டுக்கு உண்டு. மழை விட்டால் கூரையில் பாசி படரும். தென்னை மட்டை விழுந்து விரிசல் காணும். பள்ளிக்கூடமானால், ஏணி வைத்து மேலே ஏறுகிறவர் யார்? காவல்காரரோ, வேறு சிப்பந்தியோதான்.

அந்தக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் அவர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

கல்லிலே நார்!

ஆஸ்பெஸ்டாஸ் என்பது பூமியில் கிடைக்கும் ஒரு கல். உரித்தால் நார் நாராகப் பிரியும். அதனால் தமிழில் "கல்நார்" என்று பெயர். தீயில் எரியாது. அதைச் சிமெண்டில் கலந்து தகடு செய்கிறார்கள்.

2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரை தீப்பிடித்தது. 94 குழந்தைகள் மாண்டார்கள். எரியாத கூரை வேண்டும் என்று அதன்பின் எல்லோரும் நினைத்ததில் வியப்பில்லை. ஆனால், எரியாத கல்நாருக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு.

நோய் வருவது எப்படி?

முழுசாக இருக்கும் தகட்டால் அபாயம் குறைவு. அறுத்தால், துளைத்தால், உடைத்தால், சுரண்டினால் நார்த் தூசி பறக்கும். கண்ணுக்குத் தெரியாது. மூச்சோடு போய் நுரையீரலில் தங்கிவிடும். மூச்சுத் திணறும் நோய் வரலாம், புற்றுநோயும் வரலாம். அதுவும் உடனே அல்ல. 20, 30 ஆண்டுகள் கழித்து!

1995-ல் சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. கல்நார்த் தொழிலாளரின் உடல்நலக் குறிப்பை, வேலையில் சேர்ந்ததிலிருந்து குறைந்தது 40 ஆண்டு காப்பாற்றி வைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. நோய் அவ்வளவு மெதுவாக வரும்.

அமெரிக்காவில் பள்ளிக்கூடங்களுக்கென்றே 1986-ல் ஒரு சட்டம் செய்தார்கள். அதன்படி, கல்நார் உள்ள பள்ளியில் பெருக்குகிறவருக்கும் பழுது பார்ப்பவருக்கும் 2 மணி நேரமாவது இதுபற்றிப் பாடம் சொல்ல வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

* தகட்டில் ஆணி அடிக்க வேண்டாம். பாசியைச் சுரண்ட வேண்டாம்.

* தகட்டின் மேல் கால் வைக்க வேண்டாம். நைந்த தகடு உடைந்து ஆளைக் கீழே தள்ளிவிடும்.

* தகடு உடைந்து விழுந்தால், பிள்ளைகளை விலக்கிவிட்டு, தலைமை ஆசிரியரிடம் சொல்ல வேண்டும்.

* உடைசலைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. தண்ணீரால் நனைத்து, கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்ட வேண்டும். தரையை ஈரத்துணியால் துடைத்து, துணியையும் அதே பையில் போட வேண்டும்.

* மூக்கில் துண்டு கட்டினால் போதாது. இந்தத் தூசிக்கென்று உள்ள முகமூடி வேண்டும்.

* தூசி படிந்த சட்டையை வீட்டில் கொண்டு போய் உதற வேண்டாம். துவைக்கிற மனைவிக்கும், மடியில் ஏறும் குழந்தைக்கும் அது ஆகாது.

பழைய கூரையைக் கழற்றுவது விவரம் தெரிந்த ஆட்களின் வேலை. "நீயே ஏறித் தட்டிவிடு" என்று சிப்பந்தியை ஏவும் நிர்வாகிகள் இதை மறக்கக் கூடாது.