குரோட்டஃபெண்ட்: ஆப்பெழுத்தைத் திறந்த பள்ளியாசிரியர்

முன்னுரை

பழம்பாரசீக ஆப்பெழுத்தைப் படிப்பதற்கான முதல் திறவுகோலை வழங்கியவர் கீழைத்தேய மொழிப் பேராசிரியர் அல்லர். கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்த செருமானியப் பள்ளியாசிரியர். அவரது வாழ்வையும் ஆய்வு முறையையும் சுருக்கமாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாழ்வும் பணியும்

கியார்க் பிரீட்ரிக் குரோட்டஃபெண்ட் 1775ஆம் ஆண்டு மூண்டன் நகரில் பிறந்தார். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹைனெ என்னும் செவ்வியல் அறிஞரிடம் பயின்ற இவர், 1797இல் அந்நகரப் பள்ளியில் துணையாசிரியரானார். 1803இல் பிராங்பர்ட் பள்ளிக்குச் சென்றார். 1821 முதல் 1849 வரை ஹன்னோவர் உயர்நிலைப் பள்ளியின் தலைவராக விளங்கினார். வெங்க் என்பாரின் இலத்தீன் இலக்கண நூலைத் திருத்திப் பதிப்பித்தார். பண்டை இத்தாலியின் உம்பிரிய மொழி குறித்தும் ஆராய்ந்தார். 1853இல் மறைந்தார்.

வாசிப்பு முறை

பெர்செபோலிஸ் கல்வெட்டுகளைக் கார்ஸ்டன் நீபூர் படியெடுத்து 1778இல் வெளியிட்டிருந்தார். அவற்றுள் இரண்டு சிறு கல்வெட்டுகளைக் குரோட்டஃபெண்ட் ஒப்பிட்டார். சில்வெஸ்டர் டி சாசி முன்னரே படித்திருந்த சசானியக் கல்வெட்டுகளில், மன்னன் பெயர், ‘பேரரசன்’, ‘அரசர்க்கரசன்’, ‘இன்னார் மகன்’ என்னும் வரிசை காணப்பட்டது. இவ்வரிசை இங்கும் அமைந்திருக்கலாம் எனக் கொண்டார். முதற்கல்வெட்டின் மன்னன் இரண்டாவதில் தந்தையாக இடம்பெறுகிறான். ஆனால், அவனுடைய தந்தைக்கோ அரசப் பட்டம் இல்லை. சைரசும் கேம்பைசசும் பொருந்தவில்லை. ஏனெனில் அவ்விரு பெயர்களும் ஒரே ஒலியில் தொடங்குவன, கல்வெட்டுப் பெயர்களின் முதலெழுத்துகளோ வேறுபட்டன. கிரேக்க வரலாற்றில் பொருந்தும் மரபு ஒன்றே: அரியணை ஏறாத ஹிஸ்டாஸ்பஸ், அவர் மகன் டேரியஸ், பேரன் செர்க்ஸஸ்.

ஏற்பும் எல்லையும்

இம்முடிவு 1802 செப்டம்பரில் கோட்டிங்கன் அறிவியற் கழகத்தின் முன் வைக்கப்பட்டது. கழகமோ அவருடைய கட்டுரைகளை அச்சிடவில்லை. அவர் கீழைத்தேய மொழிப் புலவர் அல்லர் என்பதே காரணமாகக் கூறப்படுகிறது. 1805இல் நண்பர் ஹீரனின் நூலில் பின்னிணைப்பாகவே அவ்வாய்வு வெளிவந்தது. மூலக் கட்டுரைகள் 1893இல்தான் அச்சேறின.

எனினும், கழகத்தின் தயக்கம் முற்றிலும் பொருளற்றதன்று. சமஸ்கிருதம், அவெஸ்தா ஆகிய உறவுமொழிகளில் ஆழ்ந்த பயிற்சி இன்மையால் அவர் பல எழுத்துகளுக்குப் பிழையான ஒலி கொண்டார். பர்னூஃப், லாசன், ராலின்சன் ஆகியோரே 1830, 1840களில் அப்பணியை நிறைவை நோக்கி நகர்த்தினர்.

முடிவுரை

தொடங்கி வைக்கும் தகுதியும் நிறைவுசெய்யும் தகுதியும் ஒன்றல்ல என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. பிற்காலத்தார் திருத்தியவை அவர் கொண்ட ஒலிகளையே. டேரியஸ், செர்க்ஸஸ் என அவர் கண்ட பெயர்கள் இன்றும் நிலைத்துள்ளன. துறைசாரா ஒருவரின் ஆய்வை மதிப்பிடுவோர் அவர்தம் பட்டத்தை நோக்காது, சான்றினை நோக்குதல் வேண்டும்.