ஆண்டைத் தலையில் சுமந்தவர்கள்

ஓர் ஆண்டில் நாட்டுக்கு வரும் கெடுதல் அத்தனையையும் ஒரே மனிதன் ஏற்றுக்கொள்ள முடியுமா? முடியும் என்றே மணிப்பூரின் மெய்தெய் மன்னர் கியாம்பா ஓர் ஏற்பாடு செய்தார். 1485இல் அவர் தொடங்கிய அந்த வழக்கப்படி, ஆண்டுக்கொருவர் ‘செய்தாபா’வாக நியமிக்கப்பட்டார். அரசருக்கும் குடிகளுக்கும் நேரக்கூடிய நோய், பஞ்சம், பாவம் எல்லாம் அவர் தலையில். பதிலுக்கு அந்த ஆண்டுக்கே அவர் பெயர். சஜிபு மாதப் புத்தாண்டில் பழையவர் சுமையை இறக்குவார், புதியவர் ஏற்பார்.

கியாம்பா 1467 முதல் 1508 வரை ஆண்டவர். ஷான் இனத்தவரின் போங் அரசரோடு கூட்டுச் சேர்ந்து கபாவ் பள்ளத்தாக்கின் கியாங் பகுதியை வென்றார். கியாம்பா என்ற பெயரும் அதனால் வந்ததுதான். போங் அரசர் பரிசாகத் தந்த விஷ்ணு சிலைக்கு அவர் எழுப்பிய செங்கல் கோயில் பிஷ்ணுபூரில் இன்றும் நிற்கிறது.

ஆள் பெயரால் ஆண்டைக் குறிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. ‘இன்ன அரசரின் மூன்றாம் ஆண்டு’ என்று எழுதினால், அவர் இறந்ததும் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அரியணைக்கு இருவர் போட்டியிட்டால் எந்தக் கணக்கை நம்புவது? ஆண்டுக்கொரு பெயர் என்றால் அரசர் மாறினாலும் வரிசை அறுபடாது. பட்டியல் கையில் இருந்தால் போதும். எண்ணிக்கொண்டே பின்னோக்கிப் போகலாம்.

பண்டைய அசீரியர்களும் ஆண்டுக்கு ஓர் அதிகாரியின் பெயரைச் சூட்டினார்கள். பூர்-சகாலே என்பவரின் ஆண்டில் சூரிய கிரகணம் நிகழ்ந்ததாக அவர்களது களிமண் பலகை சொல்கிறது. வானியல் கணக்கின்படி அது கி.மு. 763 ஜூன் 15. அந்த ஒரு தேதி உறுதியானதும், முன்னும் பின்னும் உள்ள பெயர்கள் எல்லாம் தத்தம் ஆண்டில் போய் உட்கார்ந்துவிட்டன.

மணிப்பூரிலும் செய்தாபாக்களின் வரிசையை முதுகெலும்பாகக் கொண்டு அரசவைக் குறிப்பேடு வளர்ந்தது. ‘செய்தாரோல் கும்பாபா’ என்ற அந்த நூல் 1955 வரை நீள்கிறது. போர்களோடு நிலநடுக்கம், வெள்ளம், கொள்ளைநோய் ஆகியவையும் அதில் பதிவாகியிருப்பதால் வரலாற்று ஆய்வாளர்களோடு நிலநடுக்க ஆய்வாளர்களும் அதைப் புரட்டுகிறார்கள்.

கபாவ் பள்ளத்தாக்கு 1834இல் பர்மாவுக்குப் போய்விட்டது. கியாம்பா வாளால் பிடித்த நிலம் கைவிட்டுப் போனது. கெடுதலை விலக்க அவர் செய்த சடங்கோ, நடந்த கெடுதல்களையெல்லாம் தேதியோடு சொல்லும் கணக்காக நிலைத்துவிட்டது.