உறங்கும்போது பழகும் கை

சைக்கிள் பழகிய நாட்களை நினைத்துப் பாருங்கள். மாலை முழுவதும் விழுந்து எழுந்தும் வராத சமநிலை, மறுநாள் காலையில் தானே வந்துவிட்டதுபோல் பலருக்கும் தோன்றியிருக்கும். இடையில் நடந்தது உறக்கம் ஒன்றுதான்!

இதை 2002-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் மாத்யூ வாக்கர் குழுவினர் சோதித்தனர். வலக்கைப் பழக்கமுள்ளவர்கள் இடக்கை விரல்களால் 4-1-3-2-4 என்ற வரிசையில் விசைகளை விரைந்து தட்ட வேண்டும். காலையில் பழகிப் பன்னிரண்டு மணி நேரம் விழித்திருந்தவர்களிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. இரவு உறங்கி எழுந்தவர்களின் வேகமோ, மேற்கொண்டு பயிற்சி இன்றியே, ஏறக்குறைய 20 விழுக்காடு கூடியிருந்தது. உறக்கத்தின் இரண்டாம் நிலை, அதிலும் இரவின் கடைசிப் பகுதியில் வருவது, எவருக்கு மிகுதியோ அவரே மிகுதியாக முன்னேறினார். அந்நிலையில் மூளையின் மின்பதிவில் விநாடிக்கு 11 முதல் 16 வரை அதிரும் அலைகள் தோன்றும். நூல் சுற்றிய கதிரைப்போல் நடுவில் பருத்து முனைகளில் ஒடுங்கியிருக்கும். (களைப்பு நீங்கியதே காரணம் என்று பின்னர் வாதிட்டவர்களும் உண்டு.)

மூளையே பழுதுபட்டால்? கேத்தரின் சியெங்சுகன், லாரா பாய்டு என்னும் ஆய்வாளர்கள் 2008, 2009-இல் வெளியிட்ட முடிவுகள் எனக்குப் பெருவியப்பளித்தன. திரையில் நகரும் குறியைக் கையால் பின்தொடரும் பயிற்சியில், பக்கவாதம் கண்டவர்கள் உறங்கி எழுந்தபின் தேறினர், உறங்காதவர்கள் தேறவில்லை. அதே வயதுடைய நலமானவர்களுக்கோ உறக்கத்தால் அந்தப் பயன் கிட்டவில்லை. ஆக, உறக்கம் அதிகம் தேவைப்படுவது நோயாளிக்கே.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகையால் மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வதும் என் வேலை. பக்கவாதம் கண்ட என் பெரியப்பா வலக்கையால் தம்ளரைப் பிடிக்கப் பழகி வருகிறார். பயிற்சி முடிந்து கண்ணயர்ந்தால், "படுத்தே கிடந்தால் கை எப்படி வரும்?" என்று பார்க்க வருவோர் தட்டி எழுப்புகிறார்கள். பயிற்சி இன்றிக் கை வராது, உண்மைதான். பழகாத எதையும் உறக்கம் கற்றுத் தராது. ஆனால் பழகியதைப் பதியவைக்க அதற்கு நேரம் வேண்டாமா?

இன்னொன்று. பக்கவாதம் கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு உறக்கத்தில் மூச்சு தடைப்படுகிறது. தொண்டை வழி அடைபடும்போதெல்லாம் மூளை விழித்துக்கொள்ள, உறக்கம் துண்டு துண்டாகிறது. பலத்த குறட்டை அதன் அடையாளமாக இருக்கலாம். பெரியப்பாவின் குறட்டை தெருவரை கேட்கும். வரும் செவ்வாயன்று மருத்துவரிடம் போகும்போது இதையும் சொல்லும்படி பெரியம்மாவிடம் கூறியிருக்கிறேன்.