பென் டிரைவை விடாமல் பிடித்திருப்பது யார்?

சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் போன்ற லினக்ஸ் கணினிகளில் பென் டிரைவைக் கழற்றப் போனால், சில சமயம் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று மறுப்பு வரும். பலர் வெடுக்கென்று பிடுங்கிவிடுகிறார்கள். நினைவகத்தில் காத்திருக்கும் தரவு எழுதப்படாமலே போகிறது. விசாரித்துவிட்டுக் கழற்றுவதே முறை. எந்த நிரல் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறது என்பதற்கு இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கணக்கு உண்டு. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் விக்டர் ஏபெல் எழுதிய ‘எல்எஸ்ஓஎஃப்’ கட்டளை அதை வாசித்து, நிரலின் பெயரையும் எண்ணையும் காட்டும். அழித்த கோப்பு வட்டில் இன்னும் இடத்தை அடைத்திருக்கும் மர்மமும் இதில்தான் விளங்கும்: ஏதோ ஒரு நிரல் அதை மூடவில்லை.

கணினியை அணைத்துப் போட்டால் போதாதா என்பார்கள். போதும்தான், சேமிக்காத வேலையும் சேர்ந்து போகும், காரணமும் தெரியாது, நாளை அதே தொல்லை. கட்டளை வரி நிபுணர்களுக்கே என்பதும் வீண் பயம். தட்ட வேண்டியது ஒரே வரி. பிறருடைய நிரல்களும் தெரிய வேண்டுமானால் கட்டளைக்கு முன்னால், நிர்வாகி உரிமை தரும் ‘சுடோ’வைச் சேருங்கள்.